கேட்ட பத்து நிமிடம்

"பத்தே பத்து நிமிஷம், நார்மன். மழை வர்றதுக்குள்ள ஒரே ஒரு ஷாட்."

இயக்குநர் பிலிப்பா வந்து நின்றபோது மணி ஒன்றாக ஐந்து நிமிடம் இருந்தது. ஒலிப்பதிவாளர் நார்மன் ஹெப்டன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

ஒரு மணி ஆனால் மதிய உணவு. அதற்குமேல் ஒரு நிமிடம் வேலை வாங்க வேண்டுமானாலும் இயக்குநர், தொழிற்சங்கப் பிரதிநிதியிடம் வந்து கேட்க வேண்டும். அவர் 'இல்லை' என்று சொல்லிவிட்டால் இல்லைதான். அந்தக் குழுவுக்குப் பிரதிநிதி நார்மன்.

அவனுக்குக் காலையிலிருந்தே அவள்மேல் கோபம்.

இங்கிலாந்தில் லிங்கன்ஷையர் பக்கம் ஒரு பழைய விமானத் தளம். தொலைக்காட்சியின் கார் நிகழ்ச்சிக்குப் படப்பிடிப்பு. அன்றைக்குச் சோதனைக்கு வந்திருந்த கார், கோவென்ட்ரியில் முதலாளி பூட்டிவிட்டுப் போன தொழிற்சாலையைத் தொழிலாளர்களே திறந்து செய்தது. இருநூறு குடும்பம். நிகழ்ச்சியைப் பார்த்து ஜனங்கள் கார் கேட்டு வந்தால் பிழைப்பார்கள். வராவிட்டால் மறுபடி பூட்டுதான். அவர்களுக்காக நார்மன் தெருத் தெருவாக நின்று துண்டறிக்கை கொடுத்திருக்கிறான்.

காரோடு இட்ரிஸ் என்ற அறுபது வயது ஃபிட்டர் வந்திருந்தார். கார் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. ஆனால் எழுதி வந்த காகிதத்தில் கார் பாதி வழியில் நின்றுபோவதாக இருந்தது. அதனால் ஓடுகிற காரை நிறுத்தினார்கள். தொகுப்பாளர் இறங்கித் தலையில் அடித்துக்கொண்டு தள்ளினார். மூன்று முறை தள்ளவைத்துப் படம் எடுத்தாள் பிலிப்பா. சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். இட்ரிஸ் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வேறெங்கோ பார்த்தபடி நின்றார்.

இப்போது அதே பிலிப்பா பத்து நிமிடம் கேட்கிறாள்.

"எதுக்கு மேடம்? நாலாவது தடவையும் தள்ளணுமா?"

பின்னால் விளக்குக்காரர்கள் சிரித்தார்கள். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். தூரத்தில் காருக்குப் பக்கத்தில் நின்ற இட்ரிஸைத் திரும்பிப் பார்த்தாள். வந்த வார்த்தையை விழுங்கிக்கொண்டாள்.

"காரணம் கேக்காதீங்க. விதிப்படி கேக்கறேன். உண்டா, இல்லையா?"

"விதிப்படி கேட்டா விதிப்படி பதில். இல்லை."

"எனக்காகன்னு நினைக்காதீங்க, நார்மன்."

"உங்க அப்பாவோட பண்ணையில வேலை பாக்கறவன் நீங்க கேக்காமலே பத்து நிமிஷம் குடுத்திருப்பான். இங்க சங்கம் இருக்கு மேடம்."

மணி ஒன்று. நார்மன் கருவியை அணைத்தான். கேமராக்காரர்கள் கேமராவை மூடினார்கள். எல்லோரும் உணவு வண்டிக்கு நடந்தார்கள். கஸ்டர்ட் கிண்ணம் கைக்கு வருமுன்பே மழை பிடித்துக்கொண்டது, இருட்டும்வரை விடவில்லை. தளத்தை வாடகைக்கு எடுத்திருந்தது அந்த ஒரு நாளைக்குத்தான்.

அன்று நார்மன் இரண்டு கிண்ணம் கஸ்டர்ட் சாப்பிட்டான். இருநூறு குடும்பத்துக்காகத் தன்னால் முடிந்த ஒரு அடியைத் திருப்பிக் கொடுத்துவிட்ட நிறைவு அவனுக்கு.

வியாழக்கிழமை நிகழ்ச்சி வந்தது. தள்ளுகிற காட்சி மட்டும்தான் இருந்தது. நாடே சிரித்தது. விற்பதற்குக் கார் கேட்டிருந்த கடைக்காரர்கள் ஒவ்வொருவராக வேண்டாம் என்று எழுதினார்கள். எட்டாவது வாரம் தொழிற்சாலை மூடப்பட்டது.

கடைசி நாள் வாசல் கூட்டத்தில் பேச நார்மனைக் கூப்பிட்டிருந்தார்கள். அவன் குரல் கம்மும்வரை பேசினான். உழைக்கிற கையையெல்லாம் கேலிப்பொருள் ஆக்கிய மேட்டுக்குடிப் பெண் ஒருத்தியைப் பற்றிச் சொன்னான். பேர் சொல்லித் திட்டினான். கைதட்டினார்கள்.

இறங்கி வந்தவனை இட்ரிஸ் தனியாக அழைத்துப் போய்த் தேநீர் ஊற்றிக் கொடுத்தார்.

"நல்லாப் பேசினீங்க தோழரே. ஆனா அந்தப் பொண்ணைத் திட்டினது தப்பு."

"உங்க காரைத் தள்ளவெச்சு வேடிக்கை காட்டினவ அவ."

"தள்ளணும்னு எழுதி அனுப்பினது லண்டன்ல இருக்கற தயாரிப்பாளர். அவ என்கிட்ட வந்து மன்னிப்புக் கேட்டா. அவருக்குத் தெரியாம, கார் ஒரு முழுச் சுத்து ஓடறதை எடுத்துச் சேத்துடறேன்னா. கேமராவைக் காருக்குள்ள மாட்டி முடிக்கறதுக்குள்ள ஒரு மணி நெருங்கிடுச்சு. அந்தப் பத்து நிமிஷம் அதுக்குத்தான்."

நார்மன் கோப்பையைக் கீழே வைத்தான்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொல்லத்தான் கிளம்பினா. நான்தான் சத்தியம் வாங்கிக்கிட்டேன், சொல்லக் கூடாதுன்னு. எங்களுக்காகன்னு தெரிஞ்சா நீங்க குடுத்துடுவீங்க. வேண்டியவனுக்கு ஒரு விதி, வேண்டாதவனுக்கு ஒரு விதின்னு ஆயிட்டா அப்புறம் சங்கம் எதுக்கு?"

இட்ரிஸ் கையை நீட்டினார்.

"முகம் பாக்காம இல்லைன்னு சொன்னீங்க பாருங்க. பொழைப்பு போனாலும், அதை நினைச்சா எனக்குப் பெருமையா இருக்கு தோழரே."

நார்மன் அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கினான். அந்தப் படப்பிடிப்புக்கு முந்தின வாரம்தான் வேறொரு இயக்குநர் இதேபோல் வந்து கேட்டார். எப்போதும் கால்பந்துப் போட்டிக்கு டிக்கெட் வாங்கித் தருகிறவர் என்பதற்காக, அவருக்கு நார்மன் இருபது நிமிடம் கொடுத்திருந்தான்.