மூன்று புள்ளி

கூண்டில் ஏறியதும் அவள் கண் முதலில் போனது நீதிபதியிடம் அல்ல. மேசையில் கிடந்த அச்சிடம்.

உள்ளங்கை அளவு எஃகு. மாத்திரை அடிக்கிற அச்சு. போதை மாத்திரைக் கும்பலிடம் பிடித்தது. செய்து கொடுத்தது அவள் புருஷன் நாச்சிமுத்து என்கிறது போலீஸ்.

நிரூபணமானால் பத்து வருஷம். மகள் இப்போதுதான் பிளஸ் டூ.

நாச்சிமுத்து ஜாமீனில் வந்து எதிர்க் கூண்டில் நின்றிருந்தான். சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு, கல்யாணத்துக்கு வந்தவனைப் போல.

லேத்தில் ஒரு நட்டு கடைந்தால்கூட அதில் மூன்று புள்ளி குத்தாமல் வெளியே விடமாட்டான் அவன். கோயமுத்தூரில் பாதிப் பட்டறைக்கு அது தெரியும். வீட்டு அரிவாள்மனையில் மூன்று புள்ளி. தேங்காய்த் துருவியில் மூன்று புள்ளி. ஆயுத பூஜையன்று மெஷினுக்குக்கூட அப்புறம்தான், அந்தப் புள்ளி குத்துகிற உளிக்குத்தான் முதல் பொட்டு.

பெருமை பிடித்த மனுஷன். அந்தப் பெருமைக்காகவே அவனை அவளுக்குப் பிடித்திருந்தது.

இந்த அச்சில் புள்ளி இல்லை.

ஆகவே இது அவனுடையது இல்லை. அவனுடைய வக்கீல் கலிவரதனுக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்திருந்தது. உளியைக் கொண்டுவரச் சொல்லி, நீதிபதிக்குக் காட்டி, அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தும் விட்டார்.

அவளுக்குத்தான் அந்தப் பால் தொண்டையில் இறங்கவில்லை.

கைதுக்கு முன்னால் ஒரு நாள் மத்தியானம் சோறு கொண்டுபோனபோது இதே அச்சு பட்டறை மேசையில் இருந்தது. அவள் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

“புள்ளி வெக்கலீங்களா?”

“இதுக்கு வேண்டாம்.”

அச்சை அவள் கையிலிருந்து வாங்கி எண்ணெய்க் காகிதத்தில் சுற்றினான். பிறகு குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டு முடித்தான். ரசம் நன்றாக இருக்கிறது என்றுகூடச் சொன்னான்.

எதற்கென்று தெரியாமல் செய்திருந்தால் புள்ளி வைத்திருப்பான். அவ்வளவுதான் விஷயம். அது அவளுக்கு விளங்க, வாசலில் ஒரு போலீஸ் ஜீப் வந்து நிற்க வேண்டியிருந்தது.

அரசு வக்கீல் எழுந்தார்.

“ஏம்மா, புள்ளி வெக்காம உங்க வீட்டுக்காரர் ஒரு சாமான்கூடச் செஞ்சதில்லையா?”

“செய்வாருங்க. அளவு தப்பிப்போனா, கோணலா வந்துட்டா, அதுக்கு வெக்க மாட்டாரு.”

நாச்சிமுத்து நிமிர்ந்தான்.

“அதை என்ன பண்ணுவாரு?”

“பழைய இரும்போட போட்டுருவாருங்க. சரியில்லாததுக்கு எம் புள்ளி எதுக்கும்பாரு.”

அதுவரை சொன்னதெல்லாம் சத்தியம்.

அரசு வக்கீல் அச்சை எடுத்து அவள் முகத்துக்கு நேராக நீட்டினார். “புள்ளியில்லாத சாமான் ஒருதடவைகூடப் பட்டறைய விட்டு வெளிய போனதில்லைன்னு சத்தியமாச் சொல்றீங்களா?”

விளிம்பில் ஒரு பிசிறு இல்லை. கை வைத்தால் வழுக்கும். இவ்வளவு நல்ல வேலையை அவன் செய்து அவள் பார்த்ததில்லை. ஆத்திரமாக வந்தது.

மகள் இந்நேரம் மாடல் பரீட்சை எழுதிக்கொண்டிருப்பாள்.

“போனதில்லீங்க.”

அரசு வக்கீல் உட்கார்ந்துவிட்டார். கலிவரதன் மேசைக்கு அடியில் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

வெளியே தாழ்வாரத்தில் கூட்டம். “பிரமாதம்மா, இனிக் கவலைய விடுங்க” என்று சொல்லிவிட்டுக் கலிவரதன் டீ குடிக்கப் போனார்.

நாச்சிமுத்து பக்கத்தில் வந்தான். பல மாதம் கழித்து அவன் முகத்தில் ரத்தம் ஓடியது.

“நல்லாச் சொன்னே, அம்மணி” என்றான். உளிக்குக் கை நீட்டினான். “குடு. நாளைக்குப் பட்டறை தொறக்கோணும்.”

இத்தனை நேரம் இறுக்கிப் பிடித்ததில் உளி அவள் உள்ளங்கையில் பதிந்திருந்தது. அதைப் பைக்குள் போட்டாள். ஜிப்பை இழுத்து மூடினாள்.

“பட்டறையத் தொறங்க. இது எங்கிட்ட இருக்கட்டும்.”

நீட்டிய கையை அவன் மெதுவாக மடக்கிக்கொண்டான்.