ஒன்பதாவது பேர்

துக்கம் விசாரிக்கிற சாக்கில் திருடத்தான் கிளம்பினார் ஃபிட்டர். துணிப்பை ஒன்றை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

"போன மாசமே போயிருக்கணும்," என்றாள் மனைவி. "செத்த மனுஷன் முகத்தைக்கூடப் பார்க்கலை. இப்ப என்ன திடீர்னு?"

"அவன் மூஞ்சியை முப்பத்திரண்டு வருஷமாப் பார்க்கலை. செத்ததும் அழகாயிட்டானா?"

விஷயத்தை அவளிடம் சொல்லவில்லை. செத்துப்போன ஆலைச் சங்கச் செயலாளர் சேர்த்து வைத்திருந்த பழைய நோட்டீஸ், சுவரொட்டி எல்லாவற்றையும் நாளைக்கு நூலகத்துக்காரர்கள் அள்ளிக்கொண்டு போகிறார்களாம். கண்ணாடிப் பெட்டியில் வைப்பார்களாம். பேரன் பேத்திகள் வந்து படிப்பார்களாம்.

அந்த நோட்டீஸும் அதில் இருக்கும். 'வேலைநிறுத்தத்தைக் காட்டிக்கொடுத்த கருங்காலிகள்' என்று கொட்டை எழுத்தில் போட்டு, வரிசையாகப் பேர்கள். ஒன்பதாவது அவர் பேர்.

போராட்டத்தின்போது ஒரு நாள்கூட அவர் ஆலைக்குள் காலெடுத்து வைத்ததில்லை. ஆபரேஷன் முடிந்து ஆலை ஆஸ்பத்திரியில் பெண்டாட்டி கண் திறக்காமல் கிடந்தபோதும், எட்டிப் பார்த்துவிட்டு நேரே கேட்டுக்கு வந்து மறியலில் உட்கார்ந்தவர். அப்படி வந்த ஒரு காலையில்தான், மானேஜர் ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் அந்த நோட்டீஸைப் பார்த்தார். மானேஜர் அதை நிதானமாகப் படித்துவிட்டுத் தலையாட்டிக்கொண்டே உள்ளே போனார்.

பசை காயாத காகிதத்தைப் பிய்த்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தவர்தான். ஏன் இப்படிச் செய்தாய் என்று செயலாளரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்கிற ஆள் இல்லை அவர். உள்ளே போட்டுப் பூட்டுகிற ஆள்.

போராட்டம் தோற்றது. கேட்டில் உட்கார்ந்த நாற்பது பேருக்கு வேலை போனது. முதலில் செயலாளருக்கு. ஃபிட்டரை மட்டும் தொடவில்லை. துரோகத்துக்குக் கிடைத்த பரிசு என்று ஊரே சிரிக்கும் என்று நினைத்து, அதற்குப் பிறகு அவர் ஒருத்தர் முகத்தையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. செயலாளர் மூன்று தடவை வீடு தேடி வந்தார். மூன்று தடவையும் இவர் கதவைச் சாத்தினார்.

இப்போது செயலாளர் வீட்டுக் கதவைத் திறந்தது அவர் மகள். கூடம் முழுக்க அட்டைப்பெட்டிகள்.

"ஆலையில ஃபிட்டரா இருந்தேன்மா. உங்கப்பாகூட."

"ஃபிட்டர் மாமாவா? ஊர்வலத்துல என்னைத் தோள்ல தூக்கிட்டுப் போவீங்களாமே! அப்பா சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்."

 ஃபிட்டர் முகத்தைத் திருப்பி இருமினார்.

"உட்காருங்க மாமா, தண்ணி கொண்டாரேன்."

அவள் உள்ளே போனதுதான் தாமதம், பெட்டிக்குள் கையை விட்டார். வருஷம் எழுதிக் கட்டி வைத்திருந்ததால் தேட வேண்டியிருக்கவில்லை. அதே சிவப்பு மை. கட்டோடு பைக்குள் திணித்தார். பாதிதான் நுழைந்தது.

"என்ன மாமா பண்றீங்க?"

"கொளுத்தப் போறேன். போலீஸைக் கூப்பிடு, யாரை வேணும்னாலும் கூப்பிடு. எங்கப்பா தியாகின்னு சொல்லிட்டுத் திரியறியாமே? கூட நின்னவனையே கருங்காலின்னு அச்சடிச்சு ஒட்டினவன்மா உங்கப்பன்! ஒன்பதாவது பேரைப் படிச்சுப் பாரு. நான்தான் அது."

அவள் ஒரு தாளை உருவினாள். விரல் வைத்துப் படித்தாள்.

"எட்டோட முடியுதே மாமா."

பிடுங்கிப் பார்த்தார். எட்டு. இன்னொரு தாள். எட்டு. கட்டின் அடியிலிருந்து ஒன்றை இழுத்தார். அதிலும் எட்டு.

சட்டைப் பையிலிருந்து தன்னுடைய தாளை எடுத்து விரித்தார். முதுகில் பசை காய்ந்து, மடிப்பெல்லாம் கிழிந்த தாள். அதில் ஒன்பது.

"இது உங்களுக்கு எங்க கிடைச்சுது?"

"மானேஜர் ஜன்னலுக்கு எதிர்ல. வேற எங்கயும் நான் பார்க்கலை... பார்க்கவும் போகலை."

கட்டின் மேல் துருப்பிடித்த குண்டூசியில் ஒரு சீட்டு தொங்கியது. அச்சகத்துக்குக் கொடுத்தனுப்பி, கட்டோடு திரும்பி வந்தது. அப்பாவின் கையெழுத்து என்றாள். சத்தமாகப் படித்தாள்.

"'அண்ணே, முதல் தாள் ஒண்ணே ஒண்ணு மட்டும் ஒன்பது பேரோட அடிங்க. அது மானேஜர் கண்ணுல படறதுக்கு. அப்புறம் கடைசி வரியை உருவிட்டு, மிச்சத்தை எட்டுப் பேரோட அடிங்க. அது நம்ம ஆளுங்களுக்கு. இந்தத் தடவை நாம தேற மாட்டோம். நம்ம ஃபிட்டர் வேலை போச்சுன்னா, அவன் பொண்டாட்டியைப் பாதி வைத்தியத்துல ஆஸ்பத்திரிலேர்ந்து இறக்கி விட்ருவாங்க. அவன்கிட்ட மூச்சு விடாதீங்க. எல்லாம் முடிஞ்சப்புறம் நானே வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கிறேன்.'"

சீட்டின் அடியில் இன்னும் ஒரு வரி இருந்தது. அவள் குரல் இறங்கிவிட்டது.

"'இப்பவே தெரிஞ்சா, அந்த நோட்டீஸைக் கிழிச்சுப் போட்டுட்டு முதல் ஆளா கேட்டுல வந்து உட்காருவான்.'"

ஃபிட்டர் பையிலிருந்த கட்டை எடுத்துப் பெட்டிக்குள் வைத்தார். தட்டிச் சரிசெய்தார். பிறகு, அழிக்க வந்த பேர் இருந்த அந்த ஒரே தாளை அவளிடம் நீட்டினார்.

"இதையும் அந்தச் சீட்டோட சேர்த்துக் குத்தும்மா. நூலகத்துக்காரங்க பிரிச்சு வெச்சுடப் போறாங்க."