சுவர்ப் பக்கத்து மணல்

நாக்கின் அடியில் வைத்த மணல் இன்னும் வாயில்தான் இருந்தது.

வாயை இறுக மூடிக்கொண்டு வாசலில் நின்றாள்.

கணவன் சாக்கை விரித்தான். பூனை கத்தவில்லை. சோற்றுக்குக் கூப்பிடுகிறான் என்று தானாகவே தலையை உள்ளே நீட்டியது.

காலையில் நர்ஸ் வந்திருந்தார்.

"பூனையோட கழிவுதாம்மா ஆகாது. வேற யாராவது அள்ளட்டும். அந்தக் கிருமி உள்ள போனா புள்ளையோட கண்ணு, மூளை வரைக்கும் பாதிக்கும். மண்ணத் தொட்டா சோப்புப் போட்டுக் கழுவு. சந்தேகம்னா சொல்லு, ரத்தம் எடுத்துப் பாத்துரலாம்."

மாமியார் காதில் பூனை மட்டும்தான் விழுந்தது.

பாதியில் நிற்கும் மாடிக்காக இறக்கிய மணல் வாசலில் குவிந்து கிடந்தது.

பூனை தெருப் பக்கம் தோண்டும். காரியம் முடிந்ததும் மூடும்.

அவள் சுவர்ப் பக்கம் எடுப்பாள்.

மசக்கை தொடங்கியதிலிருந்து இப்படித்தான். ஈர மணல் வாசனை வந்தால் கை நிற்காது. ஒரு சிட்டிகை. யாரும் பார்த்ததில்லை.

சுவர்ப் பக்கம் சுத்தம் என்று நம்பியிருந்தாள். போன வாரம் அங்கேயும் விரலில் ஏதோ மெத்தென்று பட்டது.

அதை ஒதுக்கிவிட்டு, அடியிலிருந்து எடுத்தாள்.

"மீன் மார்க்கெட்ல விட்டுர்றேம்மா," என்றான் கணவன். "பாவம் சேராது. தலையும் வாலும் தின்னுட்டு நம்மள விட நல்லா இருக்கும்."

சாக்கின் வாயைக் கட்டி வண்டியில் வைத்தான்.

இப்போதே சொல்ல வேண்டும். ரத்தம் எடுக்கச் சொல்ல வேண்டும்.

வாயைத் திறந்தால் மணல் தெரியும். வீட்டில் சோறு போடாமல் மண் தின்கிறாளா என்று தெருவே கேட்கும்.

கண் நிறைந்தது.

"என்னடி, பூனைக்கா அழுவுற? போய்த் தொலையட்டும். இனிமே உன் புள்ளைக்கு ஒரு பயமும் இல்ல," என்றார் மாமியார்.

தலையாட்டினாள்.

வண்டி தெருமுனையில் திரும்பியது. சாக்கு ஒருமுறை அசைந்தது.

மாமியார் மண்வெட்டியை எடுத்தார். பூனை தோண்டி மூடிய இடங்களைக் கிளறினார். தெருப் பக்கத்து மணலைச் சுவர்ப் பக்கம் இழுத்தார். சுவர்ப் பக்கத்து மணலைத் தெருப் பக்கம் தள்ளினார். குவியல் முழுவதும் ஒன்றாயிற்று.

பூனைத் தீட்டுப் போகட்டும் என்று மேலே ஒரு குடம் தண்ணீர் ஊற்றினார்.

வாசனை எழுந்தது.

வாயில் இருந்ததை அவள் விழுங்கினாள்.

இப்போது பேசலாம். வாய் காலியாகத்தான் இருந்தது.

நனைந்த மணலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.