நெளிகோடு

மாலை வெயில் கரும்பலகையில் பாதியை விழுங்கிவிட்டது. மீதிப் பாதியில் இத்தாலிய மொழி ஆசிரியை நீளமாக ஒரு நெளிகோடு இழுக்கிறார். "இறந்த காலத்துல இது ஒரு வகை. அந்த நாள்ல வழக்கமா நடந்துக்கிட்டே இருந்த விஷயம். எப்ப ஆரம்பிச்சுது, எப்ப முடிஞ்சுதுன்னு கேக்கக்கூடாது. ஆளுக்கு ஒரு வாக்கியம் சொல்லுங்க." பல் டாக்டர் தலை குனிந்திருக்கிறாள். கணவர் தன் பெயரோடு அவள் பெயரையும் சேர்த்துக் கொடுத்திருந்த வகுப்பு இது. 'அடுத்த வாரம் வரேன்' என்று சொல்லிச் சொல்லியே கிளினிக்கில் கிடந்தவள், அவர் கண்ணை மூடிய பிறகு இன்றுதான் முதன்முதலாக வந்து, அவர் இடத்தில் உட்கார்ந்திருக்கிறாள். அவள் கைப்பை பக்கத்து நாற்காலியில் இருக்கிறது. கூடப் படிக்கும் பேருந்து ஓட்டுநர் எழுந்து, முட்டி மோதி இத்தாலிய மொழியில் சொல்லிவிட்டு, அவளுக்காக நம் மொழியிலும் சொல்கிறார்: "சார் எப்பவும் அங்கதான் உக்காருவார். பக்கத்து நாற்காலில பையை வைப்பார். யாராவது கேட்டா, 'வீட்டுக்காரம்மா வராங்க'ம்பார். வகுப்பு முடியிற வரைக்கும் கதவையே பாத்துக்கிட்டிருப்பார்." தப்பு வந்தால் சாக்பீஸால் மேசையைத் தட்டுவது ஆசிரியையின் வழக்கம். ஓட்டுநரின் இத்தாலிய வாக்கியத்தில் தப்புக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் சாக்பீஸ் அசையவில்லை. கதவு திறக்கிறது. தாமதமாக வந்த தையல்காரி இடம் தேடி, அந்தப் பையைப் பார்த்து நிற்கிறாள். "இங்க யாராச்சும் வராங்களா?" டாக்டர் பையை எடுத்து மடியில் வைத்து இரண்டு கைகளாலும் அணைத்துக்கொள்கிறாள். "இல்லைங்க, உக்காருங்க," என்கிறாள். "வர வேண்டியவ நான்தான். வந்துட்டேன்."