கூடைக்கயிறு போட்ட வழுக்கை

இன்றைய நிலவரப்படி பேச்சியம்மாவின் மானத்துக்கு விலை, மூன்று விரல் அகல வழுக்கை. பசறைத் தேயிலைத் தோட்டத்தில், ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில், காலைப் பனியில், முக்காடு இல்லாமல் நிற்கிறாள். அவள் உச்சியின் குறுக்கே முடியில்லாமல் ஓடும் பட்டையைத் தடியால் சுட்டுகிறார் சீரங்கன் கங்காணி. "குஷ்டமுங்க ஐயா. இன்னைக்கே லயத்து வீட்டை விட்டு வெரட்டிடணும்." வெளியேற்றும் காகிதத்தில் கையெழுத்திட, தோட்டத்து மருந்துக்காரர் பேனாவை எடுக்கிறார். பேச்சியம்மா குனிந்து கொழுந்துக் கூடையை முதுகில் ஏற்றி, அதன் கயிற்றைத் தலையில் மாட்டுகிறாள். கயிறு அந்தப் பட்டையில் அச்சாகப் போய் உட்காருகிறது. "பதினாறு வருசமா இழுக்குதுங்க ஐயா. மயிரு பாவம், எத்தனை நாள் தாங்கும்?" வரிசையில் முக்காடுகள் விலகுகின்றன. குனிந்த பதினொரு தலைகளில் அதே பட்டை இளவெயிலில் மின்னுகிறது. "எனக்குப் புள்ள பெத்தப்ப கொத்துக் கொத்தா கொட்டுச்சுங்க. இப்ப மொளைக்குது பாருங்க," என்று நெற்றியோரத்துப் பூனைமுடியைத் தடவிக் காட்டுகிறாள் இராக்கம்மா. "கங்காணியாரே, உங்க தலப்பாவையும் கொஞ்சம் அவுருங்க!" என்று அவளே சொல்ல, களமே சிரிக்கிறது. மருந்துக்காரரும் கங்காணியையே பார்ப்பதால் வேறு வழியில்லை. தலைப்பாகை இறங்க, மண்டை பித்தளைச் செம்பாகப் பளபளக்கிறது. "இது எங்கப்பாருக்கும் இருந்துச்சுங்க," என்று முணுமுணுக்கிறார். "அப்ப அது பரம்பரைச் சொத்து. நாங்க பங்கு கேக்கல," என்கிறாள் பேச்சியம்மா. மருந்துக்காரர் சிரிப்பை மீசைக்குள் அடக்கி, காகிதத்தைத் திருப்பிப்போட்டு எழுதுகிறார்: கூடைக்கயிறு பன்னிரண்டு, பிள்ளைப்பேறு ஒன்று, அப்பன் வழி ஒன்று, குஷ்டம் பூச்சியம்.