ஏழாவது கோப்பு

“அவசரமில்லாத ஃபைலையெல்லாம் டிஃபர்ல போட்டுத் தள்ளிவைம்மா. முதல்ல பக்கம் கண்ணுக்குத் தெரியட்டும். மத்ததெல்லாம் வரிசையா அப்புறம் ஓடும்,” என்று கணவன் ஒருநாள் அவளுக்கு இணையப் பக்கம் எழுதக் கற்றுக்கொடுக்கும்போது சொன்னான்.

“அப்ப என் பேச்சும் டிஃபர்தானா?”

“அதைத் தள்ளிவைக்கிற தைரியம் எனக்கேது?” என்று சிரித்தான்.

இன்று மதியம் அவன் இரண்டு வருட வெளிநாட்டு வேலைக்குக் கிளம்புகிறான். அவள் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, ஒரு மருந்துக்கடையின் இணையப் பக்கத்தைச் சோதித்துக்கொண்டிருந்தாள். நேற்றுதான் எழுதத் தொடங்கிய பக்கம் அது. அவள் தள்ளிவைத்த ஜாவாஸ்கிரிப்ட் கோப்புகள் ஆறு. திரையில் வந்த பட்டியலில் ஏழு இருந்தன.

ஆறும் ஒரு நொடிக்குள் ஓடி முடிந்து பச்சையாகின. ஏழாவதற்குப் பெயரில்லை. சர்வரிலும் அப்படியொன்று இல்லை. பிரவுசரை மாற்றினாள், அதிலும் வந்தது. எவ்வளவு நேரமாகக் காத்திருக்கிறது என்று காட்டும் கட்டத்தில் நாற்பத்தொரு நாள் என்றிருந்தது.

உள்ளறையில் பெட்டியின் ஜிப்பை இழுக்கும் சத்தம் கேட்டது.

அவள் விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். வேலைக் கடிதம் வந்து நாற்பத்தொரு நாள். அன்று சொல்ல வந்த வார்த்தையை விழுங்கிவிட்டு, “நல்ல விஷயம்தானே,” என்று அவனிடம் சொல்லியிருந்தாள்.

பெட்டியோடு அவன் வாசலுக்கு வந்தான். “டாக்சி வந்தாச்சு. வாயைத் திறந்து ஒரு டாட்டாகூடக் கிடையாதா?”

திரையில் ஏழாவது வரி பச்சையானது. அதற்குப் பிறகுதான் அவள் குரல் அவளுக்கே கேட்டது.

“போகாதீங்க.”