விலைபோகாத கையுறை

பழைய பேஸ்பால் கையுறைகளை ஏலத்தில் எடுக்கப் போனால் பரிதியும் அவன் மனைவி தமயந்தியும் சேர்ந்து உட்கார மாட்டார்கள். இருவரும் குசுகுசுப்பதைப் பார்த்தால் சரக்கு நல்லது என்று மற்றவர்கள் மோப்பம் பிடித்து விலையை ஏற்றிவிடுவார்கள். அதனால் அவன் முன்வரிசை, அவள் கடைசி வரிசை. திரும்பிப் பார்க்கக் கூடாது.

காலையில் பார்வைக்கு வைத்திருந்தபோது, ஒரு கையுறைக்குள் கையை விட்டவள் வெளியே எடுக்கவே இல்லை. யாரோ இப்போதுதான் கழற்றியதுபோல் உள்ளே வெதுவெதுப்பாக இருந்தது.

“கழட்டு தாயே, எல்லாரும் பாக்குறாங்க. தோலு வெடிச்சிருக்கு, வாரும் புதுசா மாத்தினது. இதெல்லாம் விலைபோகாது.” கடந்து போகிறவன்போல் பரிதி முணுமுணுத்தான்.

“உங்களுக்குத் தோலு மட்டும்தான் தெரியும்.”

இப்போது அதே கையுறை மேடைக்கு வந்தது. அவனுக்குத் தெரியாமல் வாங்கிவிடத் துணிந்து தமயந்தி கை தூக்கினாள். முன்னால் யாரோ விலையை ஏற்றினார்கள். மறுபடி தூக்கினாள், மறுபடி ஏறியது. எந்தப் பாவி என்று எட்டிப் பார்த்தாள். பரிதி! விலைபோகாது என்றவன், பின்னால் போட்டி போடுவது யாரென்று தெரியாமல், கழுத்தெல்லாம் வியர்க்க அவளுக்காக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான்.

அவள் சும்மா இருந்தால் போதும், கையுறை வீட்டுக்கு வந்துவிடும். ஏலக்காரர் சுத்தியலை ஓங்கினார். இன்னும் எவ்வளவு தூரம்தான் போவான்? சிரிப்பை அடக்கிக்கொண்டு, தமயந்தி கை தூக்கினாள்.